இறப்பர் பாலும் செயற்கைக் கலமும்: மனிதன் உயிரைப் படைத்துவிட்டானா?

தெஹியோவிட்டப் பகுதித் தோட்டங்களில் பொழுது நன்கு புலர்வதற்கு முன்னரே இறப்பர் மரங்களுக்கிடையே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகின்றது. வெயில் ஏறினால் பால் குறையும் என்பதைத் தொழிலாளர்கள் தமது அனுபவத்தால் அறிவர். பட்டையில் கத்தி மெல்லிய கோடொன்றைக் கீறுகின்றது. சில கணங்களில் வெண்ணிறப் பால் கசிந்து, சரிவாக வழிந்து, சிரட்டையில் சொட்டத் தொடங்குகின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சப்ரகமுவ மலைச் சரிவுகளில் நாள்தோறும் நிகழும் காட்சி இது.

அந்தப் பால் உண்மையில் என்ன? மண்ணிலிருந்து மரம் உறிஞ்சிய நீரன்று. காயத்திலிருந்து வடியும் வெறும் பிசினுமன்று. மரப்பட்டையின் உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து நுண்ணிய குழாய்களாக அமைந்துள்ள உயிருள்ள கலங்களின் உள்ளடக்கமே அது. விஞ்ஞானிகள் அதனைக் குழியவுரு என்பர். கத்தி கீறும்போது கலத்தின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி வெளியேறுகின்றது. கருவும் சக்தியை வழங்கும் உறுப்புகளும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அவற்றைக் கொண்டு அக்கலங்கள் தாம் இழந்ததை மீண்டும் ஆக்கிக்கொள்கின்றன. அடுத்த வெட்டுக்குப் பால் தயாராகின்றது. இழந்ததைத் தானே ஆக்கிக்கொள்ளும் இந்த ஆற்றலை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். இக்கட்டுரையின் மையப் பொருள் அதுவேயாகும்.

உயிருள்ள கலமொன்றைத் தொடக்கத்திலிருந்தே மனிதக் கைகளால் கட்டியெழுப்ப இயலுமா என்ற முயற்சி இன்று உலகின் முன்னணி ஆய்வுகூடங்களில் இடம்பெற்று வருகின்றது. செயற்கை உயிரியல் எனப்படும் துறையின் பகுதி இது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘விஞ்ஞானிகள் உயிரைப் படைத்துவிட்டனர்’ என்ற தலைப்புடன் செய்திகள் வெளியாகின்றன. அவற்றைப் படிப்போரில் ஒரு சாரார் அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் இறைவனுக்குச் சவால் விடும் ஆணவம் என ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் முன்னர், நடந்தது என்ன, நடவாதது என்ன என்பதை நிதானமாக அறிந்துகொள்வது அவசியமென நாம் கருதுகின்றோம்.

கலம் என்பது ஓர் எல்லையைக் கொண்டது. மென்சவ்வு எனும் அந்த எல்லை உள்ளே இருப்பதை வெளியே இருப்பதிலிருந்து பிரிக்கின்றது. அது உணவிலிருந்து சக்தியைப் பெறுகின்றது. எதனை எப்போது ஆக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலை டி.என்.ஏ. எனும் நீண்ட இழையில் எழுதி வைத்திருக்கின்றது. அவ்விழையில் உள்ள எழுத்துகள் நான்கே. ஆனால் அவற்றின் வரிசை இலட்சக்கணக்கில் நீள்கின்றது. அந்த அறிவுறுத்தலின் ஒவ்வொரு தனிப்பகுதியையும் பரம்பரையலகு என்கின்றோம். இவ்வறிவுறுத்தலை வாசித்துப் புரதங்களை ஆக்கும் பட்டறைகளும் கலத்தினுள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கலம் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்கின்றது. உரிய வேளையில் இரண்டாகப் பிரிந்து தன் சந்ததியைத் தோற்றுவிக்கின்றது.

உயிரற்ற பொருளுக்கும் உயிருள்ளதற்கும் இடையே கடக்க முடியாத சுவரொன்று உண்டென்றே முன்னைய இரசாயனவியலாளர் பலரும் எண்ணியிருந்தனர். 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியரான பிரெடரிக் வோலர், விலங்குகளின் சிறுநீரில் காணப்படும் யூரியாவை ஆய்வுகூடத்தில் செயற்கையாக ஆக்கிக் காட்டியபோது அச்சுவரில் முதல் விரிசல் விழுந்தது. எனினும் 1855இல் ருடோல்ப் விர்சோ, கலம் ஒவ்வொன்றும் இன்னொரு கலத்திலிருந்தே தோன்றுகின்றது என்ற கருத்தை முன்வைத்தார். கொதிக்கவைத்து மாசுபடாமல் காத்த வடிநீரில் உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்பதை லூயி பாஸ்டர் சில ஆண்டுகளின் பின்னர் நிறுவினார். அவ்வாறாயின் முதற் கலம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வி அன்றிலிருந்து விஞ்ஞானத்தைத் தொடர்ந்து வருகின்றது.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் எமது நாட்டவர் ஒருவரும் முன்வரிசையில் நின்றார் என்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியார். 1923இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெருமவே அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பட்டம் பெற்ற அவர், அதன் பின்னரே இலண்டனில் இரசாயனவியலைக் கற்று, 1962இல் அமெரிக்காவின் பேர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் கார்ல் சாகன், ரூத் மரைனர் ஆகியோருடன் இணைந்து அவர் நடத்திய சோதனையில், எளிய சேர்வைகளின் மீது புறஊதாக் கதிர்களைச் செலுத்தி, எல்லாக் கலங்களுக்கும் சக்தி நாணயமாக விளங்கும் ஏ.ரி.பி. எனும் பொருளை உருவாக்கிக் காட்டினார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் பகுதியில் விழுந்த விண்கல்லில் புரதங்களின் மூலக்கூறுகளான அமினோ அமிலங்கள் இருப்பதை வெளியிட்ட ஆய்வாளர் குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1980களில் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பணியாற்றி, 1994இல் காலமானார். கலைப் பட்டதாரிகளான எம்மைப் போன்றோருக்கு அவரது வாழ்க்கை ஊக்கமளிப்பதாகும். உயிரின் தோற்றம் குறித்த கேள்வியை அவர் முதலில் மெய்யியல் மாணவராகவே எதிர்கொண்டார் அல்லவா?

பொன்னம்பெரும கலத்தின் செங்கற்களைத் தேடினார். அதே காலத்தில் இன்னொரு தென்னாசியர் கலத்தின் எழுத்தை எழுதிப் பார்த்தார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக் கிராமமொன்றில் பிறந்து, 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹர் கோபிந்த் கொரானாவே அவர். 1970இல் அவரது குழுவினர் 77 எழுத்துகளைக் கொண்ட பரம்பரையலகு ஒன்றை இரசாயனப் பொருட்களிலிருந்தே கோத்தெடுத்தனர். 1976இல் மற்றொரு செயற்கைப் பரம்பரையலகு பற்றீரியாவினுள் உண்மையாகவே செயற்படுவதை உலகுக்கு அறிவித்தனர். வெறும் இரசாயனப் பொருளாலான எழுத்தை உயிருள்ள கலம் தன் சொந்த எழுத்தைப் போன்றே வாசித்தது. இன்றைய செயற்கை உயிரியலுக்கு அடித்தளமிட்ட பணிகளுள் இதுவும் ஒன்று.

இப்பின்னணியிலேயே 2010ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் கிரேக் வென்டரின் குழுவினர் விடுத்த அறிவிப்பை நோக்க வேண்டும். ஆடுகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா எனும் நுண்ணிய பற்றீரியா இனமொன்றின் முழு டி.என்.ஏ.யையும், அதாவது ஏறத்தாழ 10 இலட்சத்து 80 ஆயிரம் எழுத்துகளையும், கணினியில் இருந்த பிரதியைப் பார்த்து அவர்கள் துண்டு துண்டாக ஆக்கினர். அத்துண்டுகள் மதுவக் கலங்களின் உதவியுடன் ஒரே இழையாகக் கோக்கப்பட்டன. பின்னர் அந்த இழை, நெருங்கிய உறவுடைய வேறொரு மைக்கோபிளாஸ்மாக் கலத்தினுள் செலுத்தப்பட்டது. அக்கலம் புதிய அறிவுறுத்தலின்படி இயங்கிப் பெருகத் தொடங்கியது. இடையில் ஓர் எழுத்து மட்டும் விடுபட்டுப்போன காரணத்தால் வேலை பல வாரங்கள் தடைப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இதனைத் தோட்டப்புற வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இறப்பர் நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்ந்த கன்றின் பட்டையைத் திறந்து, கூடுதல் பால் தரும் இனமொன்றின் அரும்பை அதில் பதித்து ஒட்டுகின்றனர். அரும்பு பிடித்ததும் கன்றின் பழைய தலையை வெட்டி அகற்றுகின்றனர். அதன் பின்னர் எழும் மரம் புதிய இனத்தின் பாலையே தருகின்றது. ஆனால் வேர் பழைய கன்றினுடையது. ஒட்டுபவர் வேரைப் படைக்கவில்லை. 2010இல் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இவ்வாறான ஒட்டு வேலையே. எழுத்து புதியது, ஆனால் மென்சவ்வும், புரதப் பட்டறைகளும், உயிரோட்டமும் ஏற்கெனவே உயிருடன் இருந்த கலத்தினுடையவை. ஆகவே ‘உயிர் படைக்கப்பட்டது’ என்ற தலைப்பு மிகையானதாகும்.

அதே குழுவினர் 2016இல் மேலும் ஒரு படி சென்றனர். உயிர் வாழ்வதற்கு அத்தியாவசியமற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, 473 பரம்பரையலகுகளுடன் மாத்திரம் வாழும் கலமொன்றை உருவாக்கினர். மிக எளிய உயிர் எனக் கருதத்தக்க அக்கலத்தில்கூட 149 பரம்பரையலகுகளின் பணி என்னவென்று அன்று அவர்களால் கூற முடியவில்லை. அவற்றை நீக்கினால் கலம் வாழாது; ஆனால் அவை ஆற்றும் பணி விளங்கவில்லை. மேலும், அக்கலம் பிரியும்போது ஒழுங்கற்ற வடிவங்களில் சந்ததிகள் தோன்றின. நீக்கப்பட்டவற்றுள் ஏழு பரம்பரையலகுகள் ஒழுங்கான பிரிவுக்கு அவசியம் என்பது 2021இல் கண்டறியப்பட்டது. மிகச் சிறிய உயிரையும் முற்றாக அறிந்துவிட்டோம் எனச் சொல்ல முடியாத நிலையை இவ்வாய்வு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவே அதன் பெருமையும் ஆகும்.

இது மேலிருந்து கீழாகச் செல்லும் வழி. மறுபுறம், கீழிருந்து மேலாகக் கட்டியெழுப்பும் வழியொன்றும் உள்ளது. கொழுப்பு வகை மூலக்கூறுகளை நீரில் இட்டால், அவை சவர்க்காரக் குமிழி போலத் தாமாகவே மெல்லிய சவ்வுருண்டைகளாக அமைகின்றன. அவ்வுருண்டைகளினுள் உயிர்ப்பொருட்களைப் புகுத்துகின்றனர். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, கலத்திலிருந்து பெற்ற புரதப் பட்டறைகளுடன் ஒன்றுசேர்த்து, கலமே இல்லாமல் சோதனைக் குழாயில் புதிய புரதங்களை ஆக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அமெரிக்காவில் ஜாக் சொஸ்டாக் போன்றோர், வளர்ந்து பிரியக்கூடிய எளிய சவ்வுருண்டைகளைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். நெதர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளிலும் இதற்கெனக் கூட்டு ஆய்வுத் திட்டங்கள் தொடங்கப்பட்டன.

தனித்தனிச் செயல்கள் பலவற்றை இவ்வாறு செய்து காட்ட முடிந்துள்ளது. ஓர் உருண்டை வளர்கின்றது. வேறொன்று புரதம் ஆக்குகின்றது. மற்றொன்று ஒளியிலிருந்து சக்தி பெறுகின்றது. ஆனால் இவையனைத்தும் ஒரே உருண்டையினுள் ஒன்றிணைந்து, உணவு உட்கொண்டு, தன் உறுப்புகளைத் தானே புதுப்பித்து, பிரிந்து, தலைமுறைகளாகத் தொடரும் கலமொன்று வெறும் இரசாயனப் பொருட்களிலிருந்து இதுவரை உருவாக்கப்படவில்லை. புரதம் ஆக்கும் பட்டறை தேய்ந்தால் புதிய பட்டறையை ஆக்குவது யார்? அதனை ஆக்கும் கருவிகளை ஆக்குவது யார்? செயற்கைக் கலம் தடுமாறும் இடம் இதுவே. தெஹியோவிட்டவில் கீறுபட்ட இறப்பர் மரத்தின் கலமோ, இழந்ததை ஆக்கும் இப்பணியை எவரது உதவியுமின்றி அமைதியாகச் செய்து முடிக்கின்றது.

இனி, நம்பிக்கை சார்ந்த கேள்விக்கு வருவோம். சைவர்கள் படைத்தலை இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகக் கொள்வர். இல்லாமையிலிருந்து உண்டாக்குவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பது முஸ்லிம்களின் உறுதியான நம்பிக்கை. மேற்சொன்ன ஆய்வுகள் எதுவும் இல்லாமையிலிருந்து எதனையும் உண்டாக்கவில்லை. உள்ள பொருளை, உள்ள விதிகளின்படி, புதிய ஒழுங்கில் அடுக்கிப் பார்க்கும் முயற்சியே நடைபெறுகின்றது. இத்தகைய கேள்விகள் எமது மரபுகளுக்குப் புதியனவுமல்ல. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த மெய்யியலாளரும் மருத்துவருமான இப்னு துபைல், ‘ஹய் இப்னு யக்ஸான்’ என்ற தமது நூலில், ஆளற்ற தீவொன்றில் வளரும் குழந்தையின் கதையைக் கூறினார். அக்குழந்தை அங்கு வந்த விதத்துக்கு இரு விளக்கங்களை அவர் தருகின்றார். கடலில் மிதந்து வந்தது என்பது ஒன்று. புளித்துப் பக்குவமடைந்த களிமண்ணிலிருந்து உருவானது என்பது மற்றையது. இறைநம்பிக்கையில் உறுதியாக நின்ற ஒருவர் இக்கேள்வியை அஞ்சாது எழுப்பினார் என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இத்துறையால் விளைந்த நன்மையை எமது வீடுகளிலேயே காணலாம். முன்னர் நீரிழிவு நோயாளருக்கு வழங்கப்பட்ட இன்சுலின் பன்றிகளினதும் மாடுகளினதும் சதையியிலிருந்து பெறப்பட்டது. அது பல குடும்பங்களுக்கு மனச்சங்கடத்தை அளித்தது. 1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகு பற்றீரியாவினுள் வெற்றிகரமாகச் செயற்படுத்தப்பட்டு, 1982இல் அம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது செயற்கைக் கலமன்று. ஆயினும் கலத்தின் எழுத்தைத் திருத்தி எழுதும் அதே அறிவின் பயனாகும். மதுவத்தைக் கொண்டு மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்குரிய மூலப்பொருளை ஆக்கும் முறையும் 2013இல் வர்த்தக உற்பத்திக்கு வந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாவில் கேகாலை மாவட்டம் பட்ட துயரை மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டிருக்கும் எவரும் இதன் பெறுமதியை உணர்வர்.

ஆபத்துகளையும் மறைத்தலாகாது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போலியோ வைரஸை அதன் எழுத்துவரிசையை மட்டும் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினர். நல்ல கரங்களால் இயலும் செயல் தீய கரங்களாலும் இயலும் என்ற அச்சம் அன்றே எழுந்தது. 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் ஒன்றிணைந்து மற்றோர் எச்சரிக்கையை வெளியிட்டனர். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவது போன்று, இயற்கை மூலக்கூறுகளின் மறுபக்க வடிவத்தால் ஆன பற்றீரியாவை உருவாக்கினால், மனிதரதும் விலங்குகளதும் பயிர்களதும் நோயெதிர்ப்பு அதனை அடையாளம் காணாமற் போகலாம். ஆகவே அத்தகைய உயிரை உருவாக்கும் முயற்சியைக் கைவிட வேண்டும் என்பதே அவ்வெச்சரிக்கை. இத்துறையில் உழைப்பவர்களே அதில் கையெழுத்திட்டிருந்தமை பாராட்டுக்குரியது. உயிரியற் பாதுகாப்புக்கான கார்ட்டஜீனா நெறிமுறையில் இலங்கையும் ஒரு தரப்பாகும். எனவே இவ்விவாதம் எமக்கு அப்பாற்பட்டதன்று.

மற்றொரு கேள்வி வயிற்றோடு தொடர்புடையது. கலம் தரும் பாலை நம்பி வாழும் தொழிலாளரின் எதிர்காலம் என்னவாகும்? இரண்டாம் உலகப் போரில் 1942இல் மலாயா ஜப்பானின் வசமானபோது, அமெரிக்கா செயற்கை இறப்பர் உற்பத்தியைப் பெருமளவில் முடுக்கிவிட்டது. இயற்கை இறப்பரின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். ஆனால் 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் எமது நாடு ஆண்டுக்கு 50 ஆயிரம் தொன் இறப்பரை வழங்கி 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசியைப் பெறும் நிலை ஏற்பட்டது. தோட்டத்துப் பால் நாட்டின் உலையில் சோறானது. இன்றும் விமானச் சக்கரங்கள் போன்றவற்றுக்கு இயற்கை இறப்பரே நாடப்படுகின்றது.

எனினும் அதனை நம்பி அலட்சியமாக இருத்தல் தகாது. திருத்தப்பட்ட பற்றீரியாவைக் கொண்டு சர்க்கரையிலிருந்து ஐசோப்பிரீன் எனும் இறப்பர் மூலப்பொருளை ஆக்கும் கூட்டு முயற்சியை 2008இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனமும் ஜெனென்கோர் நிறுவனமும் அறிவித்தன. மரம் தரும் தரத்திலான இறப்பரை நுண்ணுயிர்க் கலத்திலிருந்து வர்த்தக அளவில் பெறும் நிலை இன்னும் தோன்றவில்லை. ஆர்ட்டிமிசினின் விடயத்திலும் ஆலை உற்பத்தியால் விவசாயியின் பயிரைச் சந்தையிலிருந்து அகற்ற முடியவில்லை. ஆயினும் திசை தெளிவானது. அத்தகைய மாற்றம் என்றேனும் வருமாயின், அதன் காப்புரிமை தொலைதூர நிறுவனங்களிடம் இருக்கும். அதன் இழப்பு லயங்களில் வாழ்வோரைச் சேரும்.

இந்நிலையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. தன் பெற்றோரின் கரங்களில் நாள்தோறும் வழியும் கலத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிக் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்கான வழி திறந்திருக்க வேண்டும். சப்ரகமுவ மாகாணத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட பாடசாலைகள் மிகச் சிலவே. விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலக் குறையாகவே தொடர்கின்றது. இக்குறை தமிழ் மாணவரையும் முஸ்லிம் மாணவரையும் ஒருங்கே பாதிக்கின்றது. பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிப் படிப்பிக்க வசதியற்ற பெற்றோர், அவன் அல்லது அவள் விரும்பிய பாடத்தைக் கைவிடச் செய்கின்றனர். புதிய தொழில்நுட்பம் வேலையைப் பறிக்கும் முன்னரே, அதனைக் கற்கும் வாய்ப்பு பறிபோய்விடுகின்றது. மாகாணக் கல்வி அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் இரு சமூகங்களின் நலன்விரும்பிகளும் இதனை ஒரு பொதுப் பிரச்சினையாகக் கருதிச் செயற்பட வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரும் ஆய்வுகூடம் தேவையில்லை. பாடசாலைக்கு நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றும் அதனைக் காட்டிக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரும் போதும். புதிதாக வெட்டிய பாலில் ஒரு துளியை நீர் விட்டு ஐதாக்கிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால், எண்ணற்ற நுண்ணிய இறப்பர் துணிக்கைகள் ஓயாது அதிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். உலகின் மிகச் சிறந்த விஞ்ஞானிகள் ஆக்க முயன்று இன்னும் ஆக்கி முடிக்காத கலத்தினுள்ளிருந்து வந்தவை அவை. தாய் அதிகாலையில் சிரட்டையிலிருந்து வாளியில் ஊற்றும் பால் அதுவே என்பதை அறியும் பிள்ளையின் வியப்பிலிருந்தே இன்னொரு பொன்னம்பெரும தோன்ற முடியும். அவ்வியப்புக்கு இடமளிப்பது எமது கடமையாகும்.